கோட்டுக் கடிதம் வந்தால்: கடன் வழக்குகளின் ஒரு சிறு வரலாறு



இது கொஞ்சம் நீண்ட பதிவு. தேத்தண்ணி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

ஊரில் ஆசிரியராக இருப்பவருக்குப் பாடசாலைக்கு வெளியிலும் ஒரு வேலை உண்டு. கடிதம் வாசித்துச் சொல்வது. வங்கிக் கடிதம், காணிக் கந்தோர்க் கடிதம், பிரதேச செயலகக் கடிதம் எல்லாம் வரும். அவற்றில் ஆட்களின் முகத்தை அப்படியே வெளிற வைப்பது கடன் வழக்குக்காக நீதிமன்றத்திலிருந்து வரும் அழைப்பாணைதான். நம்மவர்கள் அதற்குப் பொதுவாக மூன்று விதமாக நடந்துகொள்கிறார்கள். சிலர் வீட்டில் யாருக்கும் சொல்லாமல் அலுமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். சிலர் தபால்காரரிடம் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்புகிறார்கள். இன்னும் சிலர், "கடன் வாங்கினது உண்மைதானே சேர், போய் என்னத்தைச் சொல்றது?" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது ஆள்தான் இவர்களில் மிக நேர்மையானவர். பெரும்பாலும் அதிகம் இழப்பவரும் அவர்தான். கடன் வாங்கியது உண்மை என்பது ஒரு விடயம். கேட்கிற தொகை முழுவதும் சரி என்பது வேறு விடயம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பேசுவதற்காகத்தான் இந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாகச் சட்டங்களும் சபைகளும் உருவாகின. அந்தக் கதையை நம்முடைய பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்று நினைத்தேன்.

*1. மூதூர்ப் பக்கம் பிடிபட்ட வெள்ளைக்காரர் கண்டது*

ரொபர்ட் நொக்ஸ் என்ற பெயரைப் பாடசாலையில் கேட்டிருப்பீர்கள். 1660இல் அவர் வந்த கப்பல் கொட்டியாரக் குடாவில், அதாவது இன்றைய மூதூர்ப் பக்கம், நின்றபோது கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். ஏறத்தாழ இருபது வருடம் கண்டி இராச்சியத்தில் சிறை வாழ்க்கை. 1679இல் தப்பி மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். 1681இல் லண்டனில் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் அரசன், நெல், யானை, திருமணம் எல்லாம் உண்டு. கடனும் உண்டு.

அவர் சொல்கிற காட்சி பயங்கரமானது. கடன் கொடுத்தவர் அதிகாரியிடம் அனுமதி பெற்றுக்கொண்டு கடனாளியின் மாட்டைப் பிடிக்கலாம். பிள்ளையைப் பிடிக்கலாம். ஒன்றும் இல்லாவிட்டால் அந்த ஆளையே பிடிக்கலாம். இன்னொரு வழியும் இருந்தது. சிங்களத்தில் நியங்கல என்றும் நாம் கார்த்திகைக் கிழங்கு என்றும் சொல்கிற நச்சுச் செடியின் இலையைக் கையில் எடுத்துக்கொண்டு கடன்காரர் வாசலுக்கு வருவாராம். "நீ தராவிட்டால் இதைத் தின்று செத்துப்போவேன்" என்று மிரட்டுவாராம். அந்தப் பழிக்குப் பயந்து பிள்ளையை விற்றுக் கடன் அடைத்தவர்களும் இருந்தார்கள் என்று எழுதுகிறார்.

அதே நொக்ஸ் இன்னொரு செய்தியும் தருகிறார். வட்டி ஏறி ஏறிக் கடன் இரண்டு மடங்கானால் அதோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு எத்தனை வருடம் போனாலும் மேலே வட்டி கேட்க அந்த நாட்டு வழக்கம் இடம் கொடுக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு வருடம் கழித்து இதே போன்ற விதி வேறொரு வாசலால் திரும்ப வருகிறது.

*2. பிஸ்கால், நொத்தாரிசு, கந்தோர்*

கரையோரங்களை ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் "லாண்ட்றாட்" என்ற நீதிமன்றங்கள் வந்தன. அவர்கள் போய் இருநூறு வருடத்துக்கு மேலாகியும் அவர்களுடைய சொற்கள் நம் வாயில் இருக்கின்றன. பிஸ்கால், நொத்தாரிசு, அப்புக்காத்து, கந்தோர் எல்லாம் ஒல்லாந்தச் சொற்களின் வழியில் வந்தவை. நீதிமன்ற அழைப்பாணையைக் கொண்டுவருகிறவரையும் சொத்தை எழுதிப் பறிமுதல் செய்கிறவரையும் இன்றும் பிஸ்கால் என்றுதானே சொல்கிறோம். கடனுக்குப் பயந்த பயம் அந்தச் சொல்லோடு சேர்ந்தே பரம்பரையாக வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

பிரித்தானியர் வந்தபின், 1832இல் சார்ல்ஸ் ஹே கமரன் நீதித்துறை பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். கோல்புறூக் - கமரன் சீர்திருத்தம் என்று பத்தாம், பதினோராம் வகுப்பில் படித்தது இதுதான். அதன்படி 1833ஆம் ஆண்டின் நீதிப் பட்டயம் ஆளுக்கு ஒன்றாக, இடத்துக்கு ஒன்றாக இருந்த பல நீதிமன்றங்களை நீக்கி, உயர்ந்த நீதிமன்றம் ஒன்றையும் அதன்கீழ் மாவட்ட நீதிமன்றங்களையும் அமைத்தது.

சில்லறைக் கடனுக்கெல்லாம் மாவட்ட நீதிமன்றம் ஏறுவது யாருக்கும் கட்டுப்படியாகாது என்பது சீக்கிரமே தெரிந்தது. எனவே 1840களில் "கோட் ஒஃப் றிக்குவெஸ்ட்ஸ்" என்ற சிறு நீதிமன்றங்கள் வந்தன. இங்கிலாந்து நகரங்களில் சிறு கடன்களுக்காக இருந்த நீதிமன்றத்தின் பெயர் அது. இங்கிலாந்தில் 1846இல் கவுண்டி கோர்ட்டுகள் வந்து அந்தப் பெயரை ஓரங்கட்டின. நம்மிடம் அந்தப் பெயர் 1970கள் வரை உயிரோடு இருந்தது. 1889ஆம் ஆண்டின் நீதிமன்றங்கள் கட்டளைச் சட்டத்தின்படி 300 ரூபாவுக்கு மேற்படாத கடன்கள் அங்கேதான் போயின. அந்தக் காலத்து 300 ரூபா பெரிய பணம். நம்முடைய பாட்டன், பூட்டன்மார் கடைக்காரராகவும் கமக்காரராகவும் நெசவாளராகவும் ஏறி இறங்கிய கோட்டுப் படிகள் பெரும்பாலும் இவைதான்.

*3. 1852: ஒரே சட்டத்தில் மூன்று விடயம்*

இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள். 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நம் சமூகத்தோடு மூன்று இடங்களில் தொடுகிறது.

முதலாவது, முஸ்லிம்களின் திருமணம், வாரிசுரிமை பற்றி 1806இல் கொழும்பு மாகாணத்துக்கென வந்த முஸ்லிம் சட்டக்கோவையை நாடு முழுவதற்கும் விரித்தது இந்தச் சட்டம்தான்.

இரண்டாவது, புரோநோட்டு, காசோலை போன்றவற்றுக்கு இங்கிலாந்துச் சட்டம் பொருந்தும் என்றது. அதாவது நம்மவர்கள் கடைத் திண்ணையில் முத்திரை ஒட்டிக் கையெழுத்துப் போட்ட அந்தத் துண்டுக் கடதாசிக்குப் பின்னால் லண்டன் வியாபாரிகளின் சட்டம் வந்து நின்றது.

மூன்றாவது, வட்டியாக அறவிடும் தொகை முதலை மிஞ்சக்கூடாது என்றது. உரோமன் - டச்சுச் சட்டத்திலும் இதே கருத்து உண்டு. நொக்ஸ் கண்டி மலைநாட்டில் கேட்டதும் கிட்டத்தட்ட இதே கருத்துத்தான். மூன்று வெவ்வேறு உலகங்கள் வட்டிக்கு ஓர் எல்லை வேண்டும் என்ற ஒரே இடத்தில் வந்து சந்திக்கின்றன.

(இன்றைய வங்கி, நிதிக் கம்பனிக் கடன்களுக்குத் தனியான விதிகள் இருக்கின்றன. ஆகவே இந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு யாரும் கம்பனியோடு சண்டைக்குப் போகவேண்டாம். சட்டத்தரணியிடம் கேளுங்கள்.)

*4. வெற்றுப் புரோநோட்டு*

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வங்கிகள் தோட்டத் துரைமாருக்கும் பெரிய ஏற்றுமதி வியாபாரிகளுக்கும்தான் கதவு திறந்தன. சாதாரண இலங்கையர் செட்டியாரிடமும் ஆப்கான்காரரிடமும் ஊர்க் கடைக்காரரிடமும் கடன் பட்டனர். அந்த ஊர்க் கடைக்காரர்களில் நம்மவர்களும் நிறையப் பேர் என்பதை மறக்கக்கூடாது. கடன் வரலாற்றில் நாம் கொடுத்த பக்கத்திலும் இருந்திருக்கிறோம், வாங்கிய பக்கத்திலும் இருந்திருக்கிறோம்.

அப்போது நடந்த தில்லுமுல்லு எல்லாருக்கும் தெரிந்ததுதான். நூறு ரூபா கடன் என்று எழுதிவிட்டு, முன்வட்டியைக் கழித்துக் கையில் கொஞ்சம் கொடுப்பது. அல்லது தொகை எழுதாத வெற்று நோட்டில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது. இதற்கு எதிராக வந்ததுதான் 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணம் கடன்கொடுத்தல் கட்டளைச் சட்டம். புரோநோட்டில் உண்மையாகக் கையில் கொடுத்த முதல் எவ்வளவு, முன்கூட்டிக் கழித்த வட்டி எவ்வளவு, வருட வட்டி வீதம் எவ்வளவு என்பதைத் தெளிவாக எழுதவேண்டும் என்றது. வட்டி அளவுக்கு மீறியதாகவும் கொடுக்கல் வாங்கல் மனச்சாட்சிக்கு ஒவ்வாததாகவும் இருந்தால் நீதிமன்றம் அந்தக் கணக்கைத் திரும்பத் திறந்து பார்க்கலாம் என்றது.

1934இல் சர் சொராப்ஜி பொச்கனவாலாவின் தலைமையில் இலங்கை வங்கி ஆணைக்குழு இந்த நிலைமைகளை ஆராய்ந்தது. அதன் பலனாக 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. 1941இல் கடன் இணக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. காணியை ஈடு வைத்தோ, "திருப்பித் தருவேன்" என்ற நிபந்தனையில் அறுதியாக எழுதியோ கடன் பட்டவர்கள், மீட்புக் காலம் முடியமுன் கடன் இணக்கச் சபைக்கு விண்ணப்பிக்க இன்றும் வழி உண்டு. காணியை எழுதிக் கொடுத்துவிட்டு, தவணை முடிந்த பிறகு அழுதுகொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது, இப்படி ஒரு சபை இருப்பதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கக்கூடாதா என்று மனம் வேகும்.

*5. பேசினால்தான் கேட்கும் சட்டம்*

இதுவரை சொன்ன பாதுகாப்புகள் எல்லாவற்றிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. எதிராளி வந்து வாய் திறந்தால்தான் அவை வேலை செய்யும். இதற்கு மிகத் தெளிவான உதாரணம் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம். வழக்குப் போடுகிற காலம் எப்போது தீர்ந்துபோகிறது என்பதைச் சொல்கிற சட்டம் அது. எழுத்தில் உள்ள வாக்குறுதிக்கும் புரோநோட்டுக்கும் பொதுவாக 6 வருடம். எழுத்தில்லாமல் கொடுத்த பணத்துக்கு 3 வருடம். கடைக்கணக்குக்கும் கூலிக்கும் 1 வருடம். கடன் கொப்பி வைத்திருக்கிற நம் கடைக்கார நாநாமாரும் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் காலம் கடந்துவிட்டது என்ற வாதத்தை எதிராளிதான் தன் எழுத்துப் பதிலில் எடுத்துச் சொல்லவேண்டும். சொல்லாமல் வீட்டில் இருந்தால் பத்து வருடப் பழைய கணக்குக்கும் தீர்ப்பு வந்துவிடலாம். இடையில் ஒரு சிறு தொகை கட்டியிருந்தாலோ, "தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்திருந்தாலோ காலம் புதிதாக ஓடத் தொடங்கலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் குற்றவாளியாவேன். சட்டத்தில் காலாவதியான கடன் மறுமையில் காலாவதியாகாது. உண்மையாக வாங்கிய பணத்தை ஏமாற்றுவதற்கு இந்தப் பதிவு வழிகாட்டி அல்ல. கட்டிய தவணைகள் கணக்கில் சேராமல், வட்டிக்கு வட்டி ஏறி, கூடுதலாகக் கேட்கப்படும் தொகைக்கு வாய் மூடி இருப்பதும் மார்க்கமில்லை என்பதுதான் என் கதை.

*6. 1889: போகாவிட்டால் என்ன நடக்கும்?*

இன்றும் நம் கடன் வழக்குகளுக்கு அடித்தளமாக இருப்பது 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. பல தடவை திருத்தப்பட்டிருக்கிறது. ஆனாலும் எலும்புக்கூடு அதேதான்.

அழைப்பாணை முதலில் பதிவுத் தபாலில் வரும். அது சேராவிட்டால் பிஸ்கால் மூலமோ கிராம உத்தியோகத்தர் மூலமோ நேரில் வரும். அதுவும் சரிவராவிட்டால் வீட்டுக் கதவில் ஒட்டினாலும் சேர்ந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆகவே தபால்காரரிடம் வாங்காமல் விடுவதால் வழக்கு நிற்காது. கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதை அறியும் வாய்ப்பு மட்டும்தான் போகும்.

குறித்த தவணைக்கு எதிராளி போகாவிட்டால், பதிலும் கொடுக்காவிட்டால், வழக்கு ஒருதலைப்பட்சமாக விசாரிக்கப்படும். வழக்காளியின் சாட்சியத்தை மட்டும் கேட்டு நீதிபதி தீர்ப்பாணை கொடுக்கலாம். அந்தத் தீர்ப்பாணை கையில் கிடைத்து 14 நாட்களுக்குள், போகாமல் விட்டதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று மனுச் செய்து நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்தினால் அதை நீக்கிக்கொள்ளலாம். சுகவீனம், வெளிநாடு, கடிதமே கிடைக்காமை போன்றவை இப்படிச் சொல்லப்படுகிற காரணங்கள். இந்த 14 நாளையும் "பார்ப்போம்" என்று விட்டவர்கள் எத்தனையோ பேர்.

அதற்குப் பிறகு பிஸ்கால் வருவார். வந்தாலும் எல்லாவற்றையும் எடுக்க முடியாது. கடனாளியினதும் மனைவி மக்களினதும் உடுபுடவை, படுக்கை, தொழில் செய்கிற ஆயுதங்கள், கமக்காரரின் உழவுக் கருவிகள் போன்றவற்றை விற்க முடியாது என்று அதே 1889 சட்டக்கோவை பட்டியல் போட்டிருக்கிறது. தச்சனின் உளியையும் தையல்காரியின் மெஷினையும் பறித்தால் அவர்கள் கடனை எப்படிக் கட்டுவார்கள் என்ற எளிய நியாயம்தான். தொகையைத் தவணைமுறையில் கட்டும்படி நீதிமன்றம் கட்டளையிடவும் அதில் இடம் இருக்கிறது. ஆனால் கேட்கிற ஆள் வந்து நிற்கவேண்டும்.

"ஜெயிலுக்குப் போகவேண்டி வருமா?" என்பது எல்லாரும் கேட்கிற கேள்வி. கடன் வழக்கு அழைப்பாணை கைது ஆணை அல்ல. கடனைக் கட்ட இயலாமை ஒன்றையே காரணமாக வைத்து ஒருவரைச் சிறையில் அடைக்கக்கூடாது என்று சொல்கிற சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980இல் சேர்ந்தது. ஆனால் பணமில்லாத கணக்குக்குக் காசோலை எழுதிக் கொடுப்பது வேறு கதை. 1990ஆம் ஆண்டின் கடன் அறவீட்டுச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது.

அந்த 1990ஆம் ஆண்டுச் சட்டம் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வங்கியும் நிதி நிறுவனமும் அந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டால், ஆரம்பத்திலேயே ஒரு நிபந்தனைத் தீர்ப்பாணை வந்துவிடும். எதிர்த்து வாதாடுவதற்கு முதலில் சத்தியக்கடதாசியோடு நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கவேண்டும். சும்மா போய் நின்று "எனக்கு வசதியில்லை ஐயா" என்று சொன்னால் போதாது. இந்த வகைக் கடிதம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் சட்டத்தரணியைப் பாருங்கள்.

*7. சின்னக் கதவுகள்*

ஒவ்வொரு தலைமுறையும் பெரிய நீதிமன்றம் சின்னக் கடனுக்குப் பாரமானது என்று கண்டு ஒரு சின்னக் கதவைத் திறந்திருக்கிறது. 1871இல் கிராமச் சபைகளுக்கான சட்டம் வந்து, ஊர்மட்டத்தில் சிறு வழக்குகளைத் தீர்க்க வழி செய்தது. 1958இல் இணக்க சபைகள் வந்தன. 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் 1,500 ரூபா வரையான கோரிக்கைகளை ஆரம்ப நீதிமன்றங்களுக்குக் கொடுத்தது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் இன்றைய மத்தியஸ்த சபைகள் வந்தன. 2022இல் சிறு கோரிக்கை நீதிமன்றங்களின் நடைமுறைக்கென்றே தனிச் சட்டம் ஒன்று நிறைவேறியது.

இவற்றில் நம் ஆட்களுக்கு மிகவும் பழக்கமானது மத்தியஸ்த சபைதான். பாடசாலை மண்டபத்திலோ வேறு பொது இடத்திலோ விடுமுறை நாளில் கூடும். சட்டத்தரணிமார் வந்து வாதாட முடியாது. இரு தரப்பும் நேரில் பேசவேண்டும். ஆரம்பத்தில் 25,000 ரூபாவுக்கு மேற்படாத பிணக்குகள் கட்டாயம் அங்கே போகவேண்டும் என்றிருந்தது. பிறகு அந்த எல்லை பல மடங்கு உயர்த்தப்பட்டது. விதிவிலக்குகள் சில உண்டு. மற்றப்படி, இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் அப்படியான வழக்கை நீதிமன்றம் ஏற்காது.

அந்தச் சபைக்கும் நம்மவர்கள் போவதில்லை. "நாலு பேர் பார்க்கிற இடம்" என்று வெட்கம். போகாவிட்டால் இணக்கமில்லைச் சான்றிதழை வாங்கிக்கொண்டு மற்றத் தரப்பு நேரே நீதிமன்றத்துக்குப் போகும். மாதம் மூவாயிரமோ நாலாயிரமோ என்று பேசி முடித்திருக்கக்கூடிய விடயம், சட்டத்தரணிக் கூலியும் வழக்குச் செலவும் சேர்ந்து இரண்டு மடங்காகித் திரும்பி வரும்.

*8. மொழி தெரியாத கடிதம்*

லெனார்ட் வூல்ஃப் என்ற ஆங்கிலேயர் 1908 முதல் 1911 வரை ஹம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். நீதவான் ஆசனத்திலும் இருந்து வழக்குக் கேட்டவர். 1913இல் அவர் எழுதிய நாவல்தான் பிற்காலத்தில் பெத்தேகம என்ற சிங்களப் படமானது. அதில் கடனில் மூழ்கிய காட்டுக் கிராமத்து ஆட்கள் கோட்டில் நிற்கிறார்கள். என்ன நடக்கிறது என்றே அவர்களுக்கு விளங்குவதில்லை. அது கடன் வழக்கு அல்ல, களவு வழக்கு. ஆனாலும் விளங்காத மொழியில் தன் தலைவிதி பேசப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனிதனின் நிலை எந்த வழக்கிலும் ஒன்றுதான்.

இன்று நம் வீடுகளுக்கு இது வேறு விதமாக வருகிறது. கடன் வழக்கை எதிராளி வசிக்கிற இடத்தில் மட்டுமல்ல, ஒப்பந்தம் செய்த இடத்திலும் போடலாம் என்பது சட்டம். ஒப்பந்தம் கொழும்பில் செய்ததாக இருந்தால் ஓட்டோவுக்கு லீசிங் எடுத்த நம் பையனுக்குக் கொழும்பிலிருந்து சிங்களத்தில் கடிதம் வரும். விளங்கவில்லை என்று ஒதுக்கி வைத்துவிடுகிறான்.

அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரை இங்கே நமக்கு உதவும். வடக்கு, கிழக்கில் தமிழும் நீதிமன்ற மொழி. நாட்டின் எந்தப் பகுதியிலும் வழக்குத் தரப்பினர் சிங்களத்திலோ தமிழிலோ தங்கள் பத்திரங்களைக் கொடுக்கலாம். நீதிமன்ற மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்புப் பெறும் உரிமையும் உண்டு. மொழி விளங்காதது போகாமல் இருப்பதற்குக் காரணமாகக்கூடாது. போய் "எனக்குத் தமிழில் வேண்டும்" என்று கேட்பதற்கே அது காரணமாகவேண்டும்.

*9. கடைசி அத்தியாயம்: நம் வீட்டுப் பெண்கள்*

யுத்தத்துக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் நுண்நிதிக் கடன் வீடு வீடாக வந்தது. ஐந்து பெண்களைக் குழுவாக்கி ஒருவருக்கொருவர் பிணை நிற்கச் செய்து, வாராவாரம் தவணை எடுத்தார்கள். 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் கட்ட முடியாமல் நின்ற ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அதே வருடக் கடைசியில் மத்திய வங்கி, உரிமம் பெற்ற நுண்நிதிக் கம்பனிகளின் வருட வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு வைத்தது. 35 வீதம் என்பதே "குறைத்த" வட்டி என்றால் அதற்கு முன் எவ்வளவு வாங்கினார்கள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இந்த ராத்தாமாரில் பலர் தங்களுக்கு வந்த கடிதத்தை வீட்டு ஆண்களுக்கும் காட்டுவதில்லை. பிணை நின்றவருக்கும் அழைப்பாணை வரும். "நான் கடன் எடுக்கல்லியே, கையெழுத்துத்தானே வச்சேன்" என்று அவர் போகாமல் இருந்துவிடுவார். தீர்ப்பு அவர் பெயரிலும் வரும். கையெழுத்து வைத்த எல்லாரும் பதில் சொல்ல வேண்டியவர்களே. அதேபோல் பதில் சொல்லும் உரிமையும் எல்லாருக்கும் உண்டு.

*10. நம் மார்க்கம் முதலிலேயே சொன்னது*

குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். சூரத்துல் பகறாவின் 282ஆவது வசனம். கடனை எழுதி வைப்பது, எழுதுபவர் நீதமாக எழுதுவது, சாட்சி வைப்பது, சாட்சிக்கு அழைத்தால் மறுக்காமல் போவது பற்றியது. அதற்கு இரண்டு வசனங்களுக்கு முன், 280ஆவது வசனம், கஷ்டத்தில் இருக்கிற கடனாளிக்கு வசதி வரும்வரை தவணை கொடுக்கச் சொல்கிறது. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் எழுத்தின் மூலம் பாதுகாப்பு. அழைத்தால் போவது கடமை. இதைவிடத் தெளிவாக யார் சொல்வார்?

சிலர் இதைக் காதியாரிடம் கொண்டுபோகலாமா என்று கேட்கிறார்கள். நம் நாட்டுக் காதி நீதிமன்றம் திருமணம், தலாக், தாபரிப்பு, மஹர், கைக்கூலி போன்ற விடயங்களுக்குரியது. சாதாரணக் கொடுக்கல் வாங்கல் கடனுக்கு அங்கே அதிகாரம் இல்லை. பள்ளிவாசலில் பேசி இணக்கம் செய்வது நல்லது. ஆனால் நீதிமன்றத் தவணை இருக்கும்போது பள்ளியில் பேசிக்கொண்டிருப்பதால் தவணை தள்ளிப்போகாது. பள்ளியில் இணங்கினாலும் அதை நீதிமன்றத்தில் போய்ப் பதிய வேண்டும்.

*கடிதம் வந்தால்*

வரலாறு போதும். கையில் கடிதம் இருப்பவர்களுக்காகச் சுருக்கமாக:

- கடிதத்தை வாங்குங்கள். வாங்கிய திகதியைக் கவரில் எழுதுங்கள்.

- எந்த நீதிமன்றம், வழக்கு இலக்கம், தவணைத் திகதி, வழக்காளி யார், கேட்கிற தொகை எவ்வளவு என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

- கட்டிய பற்றுச்சீட்டு, வங்கிச் சிட்டை, தவணை அட்டை, பணம் அனுப்பிய போன் செய்தி எல்லாவற்றையும் திகதி வரிசையில் அடுக்குங்கள். ஒப்பந்தத்தின் பிரதி இல்லாவிட்டால் கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள்.

- அவர்கள் சொல்கிற கணக்குக்குப் பக்கத்தில் உங்கள் கணக்கை எழுதுங்கள். எது சரி, எது பிழை, எது தெரியாது என்று பிரியுங்கள். உண்மையை மறுக்காதீர்கள். பிழையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

- சட்டத்தரணிக்கு வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1978இலிருந்து இருக்கிற அமைப்பு. ஏழைக்காகவே உருவானது.

- தவணை நாளில் போங்கள். முன்னதாகவே போய் வழக்கு இலக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தவணைமுறையில் கட்ட முடியுமானால் உங்களால் உண்மையில் முடிகிற தொகையைச் சொல்லுங்கள். வெட்கத்தில் பெரிய தொகை சொல்லிவிட்டு இரண்டாம் மாதமே தவறவேண்டாம்.

- அதற்குள் யாராவது வீட்டுக்கு வந்து வேறு கடதாசியில் கையெழுத்துக் கேட்டால், வாசித்து விளங்காமல் வைக்காதீர்கள்.

நொக்ஸ் கண்ட காலத்தில் கடன்காரர் நச்சு இலையோடு வாசலுக்கு வந்து மிரட்டுவார். இன்று வருகிற கடிதம், "இந்த நாளில் வந்து உன் பதிலைச் சொல்" என்று கேட்கிறது. அந்த அழைப்பை அலுமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள்.

நம் மஹல்லாவில் சட்டம் படித்த தம்பி தங்கைகள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு நாள், அஸருக்குப் பிறகு நூலகத்தில் இருந்து இப்படியான கடிதங்களை வாசித்துக் கொடுத்தால் பெரிய ஸதகா. பெண்களுக்குத் தனியாக ஒரு நேரம் வைத்தால் இன்னும் நல்லது. விருப்பமுள்ளவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், ஒழுங்கு செய்வோம். சட்டத்தரணி சகோதரர்கள் இந்தப் பதிவில் திருத்த வேண்டியது இருந்தால் கீழே எழுதுங்கள், சேர்த்துவிடுகிறேன்.

வஸ்ஸலாம்.